கணக்குப் புத்தகத்தின் நடுப்பக்கங்கள்

பெரும்பாலான வீடுகளில் வங்கிக் கணக்குப் புத்தகம் அலமாரியின் மேல்தட்டில், பழைய மின்கட்டண இரசீதுகளுக்கும் மருத்துவச் சீட்டுகளுக்கும் நடுவே கிடக்கும். வரவு பதியும்போதும் பணம் தேவைப்படும்போதும் மட்டுமே அது வெளியே வரும். அப்போதும் கண்கள் கடைசி வரிக்கே செல்லும். இருப்பு எவ்வளவு என்று பார்த்தவுடன் புத்தகம் மூடப்பட்டுவிடும். அந்தக் கடைசி வரிக்கு மேலே உள்ள வரிகளை எவரும் படிப்பதில்லை. அவை சுருக்கெழுத்துகளாக, ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிடப்பட்டிருப்பதும் ஒரு காரணம். பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், தாத்தா பாட்டியின் புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ வந்து சேர்கிறது. அந்தப் பொறுப்பு சிறியதன்று.

நடுப்பக்கங்களைப் புரட்டினால் சில சிறு தொகைகள் திரும்பத் திரும்பத் தென்படும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை 17 ரூபாய் 70 காசு கழிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் குறுஞ்செய்திக் கட்டணமாக இருக்கும். 15 ரூபாய் கட்டணமும் அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்ந்து அத்தொகை வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை 236 ரூபாய் கழிந்திருந்தால், அது பற்று அட்டையின் ஆண்டுக் கட்டணமாகிய 200 ரூபாயும் வரியும் ஆகலாம். வங்கிக்கு வங்கி இத்தொகைகள் மாறும். பணம் எடுக்கும் இயந்திரத்தைப் பொறுத்தவரை, சொந்த வங்கியில் மாதம் ஐந்து முறை கட்டணம் கிடையாது. பிற வங்கியின் இயந்திரத்தில் பெருநகரங்களில் மூன்று முறையும் ஏனைய ஊர்களில் ஐந்து முறையும் கட்டணம் கிடையாது. அதற்கு மேற்பட்டால், 2025 மே முதல் நாளிலிருந்து ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை வசூலிக்க ரிசர்வ் வங்கி இசைவு தந்துள்ளது, வரி தனி. 200 ரூபாய் எடுப்பதற்கு 27 ரூபாய் செலவிடும் முதியவர், தாம் அவ்வாறு செலவிட்டதையே அறியாதிருப்பார்.

இக்கட்டணங்கள் யாவும் அநீதியானவை என்று கூறுவதற்கில்லை. வங்கி ஒரு சேவையைத் தருகிறது. அதற்கு விலை வைக்கிறது. ஆனால், வேண்டாத சேவையை மறுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. பயன்படுத்தாத அட்டையைத் திருப்பித் தரலாம். குறைந்தபட்ச இருப்பு வைக்க இயலாதவர், ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ வேண்டுமென்று கேட்கலாம். அக்கணக்கில் இருப்பு எதுவும் வைக்க வேண்டியதில்லை. மாதம் நான்கு முறையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதே இதிலுள்ள குறை. முறையற்ற கட்டணம் கழிக்கப்பட்டதாகக் கருதினால் முதலில் கிளைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 30 நாள்களில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இனி, கட்டணம் போலத் தோன்றி, கட்டணம் அல்லாத இரண்டு வரிகள் உண்டு. மே மாத இறுதியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். ‘வங்கி எதற்கோ பிடித்துவிட்டது’ என்று அதைக் கடந்து செல்வோரே மிகுதி. 436 ரூபாய் என்பது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஓராண்டுத் தவணை. காப்பீட்டு ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி மே 31இல் முடியும். அவ்வாண்டிற்குள் கணக்குடையவர் எக்காரணத்தால் இறந்தாலும் அவர்தம் குடும்பத்திற்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் என்பது பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டின் தவணை. விபத்தில் இறந்தால் அதே தொகை. கணக்குத் தொடங்கிய நாளில் ஏதோ ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு, அதை அவரே மறந்திருப்பார். அவர் மறைந்தபின், அந்த வரியைப் படித்தவர் வீட்டில் ஒருவரும் இல்லையென்றால், எவரும் வங்கிக்குச் சென்று கேட்கப் போவதில்லை. ஒரு வரியைப் படிப்பதற்கும் படிக்காமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே 2 இலட்சம் ரூபாய்.

வங்கியில் இட்ட பணம் பாதுகாப்பானதா என்னும் ஐயம் முதியோரிடம் இன்றும் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. சென்னையில் புகழ்பெற்று விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தது. அரசு ஊழியர், ஓய்வுபெற்றோர், கைம்பெண்கள் எனப் பலரும் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். அந்த இழப்பின் சூடு ஆறுவதற்குள், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முன்நின்று, இந்தியர்க்கென ஒரு வங்கி வேண்டுமென முயன்றனர். அதன் பயனாக 1907 ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கி தோன்றியது. ஆயினும், வைப்புத் தொகைக்குக் காப்பீடு என்பது வர மேலும் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1960இல் கேரளத்தில் பாலை மத்திய வங்கி வீழ்ந்த பின்னரே, 1962 முதல் அக்காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே பாதுகாப்பு. 2020 பிப்ரவரியிலிருந்து அது, அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாயாக உள்ளது. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்து வைத்தாலும் உச்சவரம்பு ஒன்றே.

பணியிட மாற்றமுள்ள குடும்பங்களுக்கு வேறொரு இடர் நேர்கிறது. ஒரு தொடர்வண்டிப் பணியாளரை எண்ணிப் பார்க்கலாம். போபாலில் பணியாற்றியபோது ஒரு கணக்கு, குவாஹாத்திக்கு மாற்றலானபோது ஒரு கணக்கு, புனேயில் ஒன்று, சொந்த ஊரில் தந்தையாருடன் கூட்டாக ஒன்று. ஒவ்வோர் ஊரை விட்டுப் புறப்படும்போதும், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சில ஆயிரங்களைக் கணக்கிலேயே விட்டுச் செல்கிறார். கைப்பேசி எண் மாறிவிடுகிறது, முகவரியும் மாறிவிடுகிறது. வாடிக்கையாளர் தாமாக எதுவும் போடாமலும் எடுக்காமலும் இரண்டு ஆண்டுகள் கடந்தால், கணக்கு செயலற்றதாகக் குறிக்கப்படும். வங்கி சேர்க்கும் வட்டி, வாடிக்கையாளரின் செயலாகக் கொள்ளப்படாது. பத்தாண்டுகள் கடந்தால், அத்தொகை ரிசர்வ் வங்கி 2014இல் அமைத்த வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும்.

மாற்றப்பட்ட பணம் பறிபோனதாகாது. உரியவரோ வாரிசோ எப்போது கேட்டாலும், தக்க சான்றுகளுடன் அதே வங்கியின் வழியாகத் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதே தெரியாதவர்க்காக, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையத் தேடுதளத்தைத் தொடங்கியது. பெயரும் நிரந்தரக் கணக்கு எண் போன்ற ஓர் அடையாளமும் தந்தால், பல வங்கிகளில் ஒரே வேளையில் தேட இயலும். தளம் பணம் தராது. இருக்குமிடத்தை மட்டுமே காட்டும். தாத்தாவின் பெயரை அதில் தட்டச்சு செய்து பார்ப்பது, கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல் வேலைதான்.

முதுமைக்காகச் சேமிப்பது பதினைந்து வயதினருக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். விடை ஒரு கணக்கில் இருக்கிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் சேரலாம். 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற வேண்டுமெனில், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்த வேண்டும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். முன்னவர் 42 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தம் 1,05,840 ரூபாய்; பின்னவர் 20 ஆண்டுகளில் செலுத்துவது 3,48,960 ரூபாய். இருவரும் பெறும் ஓய்வூதியம் ஒன்றே. இடைப்பட்ட தொகையை முன்னவருக்காகச் செலுத்தியது காலம். மாணவர் இப்பெருக்கலைத் தம் குறிப்பேட்டில் தாமே செய்து பார்த்தல் நலம். அதே குறிப்பேட்டில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுமாயின், 42 ஆண்டுகளுக்குப் பின் அந்த 5,000 ரூபாய், இன்றைய ஏறத்தாழ 640 ரூபாய்க்குரிய பொருளையே வாங்கும். ஆகவே அதுவொன்றே போதுமென்று இருந்துவிடுதல் தகாது.

அரசுப் பணி கிடைத்தால் ஓய்வூதியம் உறுதி என்னும் எண்ணமும் முழுவதும் பொருந்துவதன்று. 2004 ஜனவரி முதல் நாள் அல்லது அதற்குப் பின் மத்திய அரசின் குடிமைப் பணியில் சேர்ந்தோர் தேசிய ஓய்வூதிய முறையின்கீழ் வந்தனர். அதில் ஊழியரும் அரசும் மாதந்தோறும் பங்களிப்பர். சேர்ந்த தொகையைப் பொறுத்தே ஓய்வூதியம். 2025 ஏப்ரல் முதல், விரும்புவோர் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தெரிவு செய்யவும் வழியுண்டு. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு வருங்கால வைப்புநிதி உண்டு. ஊழியர் தம் ஊதியத்தில் 12 விழுக்காடு செலுத்த, நிறுவனமும் அதற்கு இணையாகச் செலுத்தும். இளைஞர் பலர் முதல் வேலையை விட்டவுடன் அத்தொகையை எடுத்து, கைப்பேசி வாங்கிவிடுகின்றனர். 23 வயதில் சேர்ந்திருந்த 40,000 ரூபாயை எடுக்காமல், அடுத்த நிறுவனத்தின் கணக்கிற்கு மாற்றிக்கொண்டால், ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் 58 வயதில் அது 5 இலட்சத்து 90 ஆயிரத்தைக் கடக்கும். கைப்பேசியின் உண்மையான விலை அதுவே.

கட்டணத்திற்கும் கூட்டுவட்டியின் குணம் உண்டு. இதைப் பலர் கருதுவதில்லை. 1 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 17 இலட்சத்து 45 ஆயிரம் ஆகும். நிர்வாகக் கட்டணமாக 1 விழுக்காடு கழிந்து, வளர்ச்சி 9 விழுக்காடானால் 13 இலட்சத்து 27 ஆயிரமே ஆகும். ஒன்று என்னும் சிறிய எண், முடிவுத் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உண்டுவிட்டது. பரஸ்பர நிதியிலோ காப்பீட்டுடன் கூடிய முதலீட்டிலோ சேருமுன் ‘எவ்வளவு கிடைக்கும்’ என்பதற்கு முன்பாக ‘எவ்வளவு பிடிப்பீர்கள்’ என்று கேட்க வேண்டும்.

கடன் வாங்குவோரும் இத்தகைய எண்ணால் ஏமாறுவதுண்டு. 1 இலட்சம் ரூபாயை 12 மாதத் தவணையில், 12 விழுக்காடு வட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், மொத்த வட்டி ஏறத்தாழ 6,619 ரூபாய். முழுத்தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணக்கிட்டால் 12,000 ரூபாய். இருவரும் 12 விழுக்காடு என்றே சொல்வர். கடன் தருவோர், எல்லாக் கட்டணங்களும் உள்ளடங்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முதன்மைத் தகவல் அறிக்கையை முன்கூட்டியே தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அதைக் கேட்டுப் பெற்றுப் படித்த பின்னரே கையொப்பம். கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தில் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பணம் அனுப்பவே இரகசிய எண் தேவை, பெறுவதற்கு அது வேண்டியதில்லை. பணம் அனுப்புவதாகக் கூறி எண்ணை இடச் சொல்பவர் பணம் பறிப்பவர். ஏமாந்தவர் நாணிக் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

நடுப்பக்கங்களைப் படித்தபின், புத்தகத்தின் முதற்பக்கத்திற்கு ஒருமுறை திரும்ப வேண்டும். பெயர், முகவரி, கணக்கு எண் ஆகியவற்றோடு, நியமனம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். நியமனதாரர் என்பவர் பணத்திற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் பொருட்டு வங்கியிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்பவர் அவர். அவ்வாறு ஒருவர் இல்லையெனில், வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். அதுவும், வீட்டில் ஈமச்சடங்குச் செலவுக்கே பணம் தேடும் நாள்களில். பல புத்தகங்களில் அவ்வரி வெறுமையாகவே இருக்கிறது. வேறு சிலவற்றில், திருமணத்திற்கு முன் கணக்குத் தொடங்கியபோது எழுதிக் கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத தாயாரின் பெயர் இருக்கிறது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். படிவம் எந்தக் கிளையிலும் கிடைக்கும். நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.