முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலி

வலி வருவது எதனால்

பிரசவ வலியைத் தணிக்கும் எபிடியூரல் மருந்து, தண்டுவடத்தை மூடியிருக்கும் டியூரா உறைக்கு வெளியே செலுத்தப்படுகிறது. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு ஊசி தவறுதலாக அந்த உறையைத் துளைத்துவிடுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி வரும். ஊசி தடித்தது என்பதால், மூளையைச் சூழ்ந்த திரவம் துளை வழியே கசிந்து தலைக்குள் அழுத்தம் குறைகிறது. சிசேரியனுக்குப் போடும் ஸ்பைனல் ஊசி உறையைத் துளைத்தே போடப்பட்டாலும், மெல்லியது என்பதால் இத்தலைவலி குறைவு. 1898இல் ஜெர்மனியில் ஸ்பைனல் முறையைத் தம் உடலிலேயே சோதித்த ஆகஸ்ட் பியரும் இந்த வலியால் படுக்கையில் கிடந்தவர்தான்.

அடையாளம்

எழுந்து உட்கார்ந்தால் நெற்றியும் பிடரியும் பிளக்கும். படுத்தால் சில நிமிடங்களில் தணியும். கழுத்துப் பிடிப்பு, குமட்டல், காது இரைச்சல் சேரலாம். பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள், அதாவது ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தாய் லயத்துக்குத் திரும்பிய பிறகுகூட, வலி தொடங்கும். பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுக்கவும் அவளால் முடியாது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்து, காதை மூடித் துணி கட்டி விட்டுவிடுவது தவறு. வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் முதுகில் ஊசி போட்டதை முதலில் சொல்ல வேண்டும்.

சிகிச்சை

பாரசிட்டமோலும் போதிய நீரும் முதற்படி. சாயத்தண்ணியில் உள்ள கஃபீன் சற்று ஆறுதல் தரும். ஆனால் பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் கூடாது. நாள் முழுதும் படுத்தே கிடப்பது துளையை ஆற்றாது; காலில் இரத்தம் உறையவும் வழி செய்யும்.

வலி கடுமையாக இருந்தால் இரத்த ஒட்டு செய்யப்படும். 1960இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கோர்ம்லி எழுதிய முறை இது. தாயின் கையிலிருந்து எடுத்த சுமார் 20 மில்லிலீட்டர் இரத்தம் உடனே முதுகில் எபிடியூரல் இடத்தில் செலுத்தப்படுகிறது. அது உறைந்து துளையை அடைக்கும். பலருக்கு வலி விரைவில் விட்டுப்போகிறது; சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். காய்ச்சலோ, இரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் செய்வதில்லை. இதற்கு மயக்க மருந்து வைத்தியர் தேவை என்பதால், தோட்ட டிஸ்பென்சரியோடு நில்லாமல் பிரசவித்த வைத்தியசாலைக்கே திரும்ப வேண்டும். பிறகு சில நாட்களுக்குத் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு எதையும் தூக்கக் கூடாது.

தாமதிக்கக் கூடாத நிலை

படுத்தும் தணியாத வலி, வலிப்பு, காய்ச்சல், பார்வை மங்கல், கை கால் பலவீனம், நினைவு தடுமாறல் ஆகியவை வேறு நோய்களின் அறிகுறிகள்: மூளை நாளத்தில் இரத்த உறைவு, மூளைக்காய்ச்சல், பிரசவத்துக்குப் பின்னும் வரக்கூடிய உயர் இரத்த அழுத்தம். மேட்டு டிவிசன்களுக்கு வாகனம் ஏறி வர நேரமாகும். ஆகவே இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.