சாம்பாரில் கலந்த மாத்திரை

மகனுக்கு 26 வயது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் போட்டான். பதினோராம் நாள், "எனக்கு ஒண்ணுமில்ல, வேணும்னா நீங்க போட்டுக்கோங்க" என்று அட்டையைத் தள்ளிவிட்டான். அம்மா அழுகிறார், அப்பா சத்தம் போடுகிறார். கடைசியில் யாரோ சொன்ன யோசனை அடுப்படிக்கு வருகிறது: பொடி பண்ணி சாம்பாரில் கலந்துவிட்டால் என்ன?

மனச்சிதைவோ இருமுனையக் கோளாறோ உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யோசனை தவறு.

கலப்பதால் வரும் வினை

'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பது மனச்சிதைவில் அடிக்கடி எழும் சந்தேகம். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே கலந்தும் வைத்தால், நோய் கிளப்பிய பொய்யை நாமே மெய்யாக்கிவிடுகிறோம். ஒருநாள் சாம்பார் கசந்து அவன் கண்டுபிடித்துவிட்டால், பிறகு அம்மா மொண்டு கொடுக்கும் தண்ணீரையும் தொடமாட்டான்.

உடம்புக்கும் ஆபத்து உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கும். லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலே அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். தான் லித்தியம் சாப்பிடுவதே தெரியாதவன், கை நடுங்கினால் யாரிடம் போய் என்னவென்று சொல்வான்?

ஏன் மறுக்கிறான்?

'எனக்கு நோயே இல்லை' என்பதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தும், விழுந்ததே தெரியாமலிருந்த நோயாளிகளைக் கண்ட பாரிஸ் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, 1914-இல் அந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்தார். மனச்சிதைவு உள்ளவர்கள் பலரிடமும் அதுபோன்ற நிலையைக் காண்கிறோம். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. மனச்சிதைவால் அவதிப்பட்ட தன் சகோதரரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர், வாதத்தை விட்டுவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை என்று மகன் சொல்கிறானா? வேலைக்குத் திரும்பப் போக ஆசைப்படுகிறானா? நோய் என்ற பேச்சையே எடுக்காமல், "அதுக்காகப் போட்டுப் பாரேன்" என்று ஆரம்பிக்கலாம்.

நோய் இருப்பது தெரிந்தும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓலன்சபின் பசியைக் கிளப்பி எடையை ஏற்றும், சர்க்கரையும் வரலாம். ரிஸ்பெரிடோனால் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், ஆண்களுக்குத் தாம்பத்திய ஆசை குறையும். சில மருந்துகளில் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். அதை நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். இதில் எதை ஒரு மகன் அப்பா முன்னால் டாக்டரிடம் சொல்வான்? அடுத்த முறை போகும்போது நீங்கள் பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். தினமும் மாத்திரை என்பதுதான் எரிச்சல் என்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் நம் ஊரில் இருக்கிறது. 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்ற மருந்து மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

நிறுத்துவதில்தான் உறுதியாக இருக்கிறான் என்றால், டாக்டருக்குத் தெரிந்தே படிப்படியாகக் குறைக்கட்டும். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் பித்து நிலை சீக்கிரமே திரும்பிவிடக்கூடும்.

சட்டமும் அவசரமும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் சிகிச்சையைத் தானே முடிவுசெய்யும் திறன் எவருக்கும் உண்டு என்ற இடத்தில் தொடங்குகிறது. நன்றாக இருக்கும் நாட்களில், 'மறுபடி முடியாமல் போனால் எனக்கு இப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அதில் வழி இருக்கிறது. அந்த ஆள் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அத்தை மகனோ சிநேகிதனோ ஆகலாம்.

உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால், பிறரைத் தாக்கினால், நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், பேச்சுவார்த்தைக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான். நோயாளியால் முடிவெடுக்க முடியாத நிலையில், நியமிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டு மருத்துவர்களும் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை அனுமதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

என்ன செய்வதென்றே புரியாத இரவுகளுக்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். மகன்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிடலாம்.