மனை வாங்குமுன் மண்ணைக் கேளுங்கள்

புது வீட்டிற்கு அடிக்கல் மந்திரிக்க நம்மை அழைக்கும் குடும்பத்தார், மனையின் விலையையும் சாலையின் அகலத்தையும் மகிழ்ச்சியோடு கூறுவர். "அடியில் என்ன மண்?" என்று வினவினால் பெரும்பாலும் விடை வருவதில்லை.

குற்றாலத்தில் காலடியில் உறுதியான பாறை உண்டு. அம்மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசிப் பக்கம் இறங்கி வரும்போதோ, கரையோரங்களில் மணலும் வண்டலும் படிகின்றன. பாறைமேல் வீடு, மணல்மேல் வீடு என்று ஆண்டவர் உரைத்த உவமையை நாம் அறிவோம். நில அதிர்ச்சியை ஆராய்வோர் அவ்வேறுபாட்டை அளந்தே காட்டுகின்றனர்.

ஆற்றோர ஈரமணலைச் சிறுவர் காலால் தட்டத் தட்ட, நீர் மேலே கசியும். கால் உள்ளே புதையும். நிலம் வன்மையாக அதிரும்போதும் இதுவே நிகழ்கிறது. தளர்ந்த மணலின் இடைவெளிகளில் நிறைந்துள்ள நீர் வெளியேற நேரமின்றி அழுத்தம் பெறுகிறது. மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழக்க, மண் குழம்பாகிறது. இதனை 'மண் திரவமாதல்' என்பர்.

1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீள நிலப்பகுதி இவ்வாறு நிலைகுலைந்தது. வெடிப்புகளினின்று பீறிட்ட மணல் வயல்களை மூடிற்று. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே சாய்ந்தன. சுவர் பழுதில்லை, மண்தான் கைவிட்டது. 2001-இல் குசராத்தின் கட்ச் பகுதியில் மண் அணைகள் பல சேதமுற்றன.

நம் பகுதி இமய அடிவாரத்தைப் போன்று ஆபத்து மிக்கதன்று, அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்ததை மறத்தலும் தகாது.

சோதனை எளிது. நிலத்தில் துளையிட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்தினின்று விழச்செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என எண்ணுவர். மணற்பாங்கான நிலத்தில் அடிகள் குறைந்து, நீர்மட்டமும் மேலே இருப்பின் எச்சரிக்கை தேவை. அத்தகைய இடத்தில் மண்ணை இறுக்கியோ, உறுதியான அடுக்கு வரை தூண்கள் இறக்கியோ கட்டுவதற்குப் பொறியாளர் வழிகூறுவார். கிணற்று நீர்மட்டத்தைக் கோடையில் மட்டும் பாராது, கார்த்திகை மழைக்குப் பின்னும் பார்த்தல் நன்று.

ஆற்றங்கரை மனையோ, தூர்த்த குளத்து மனையோ, மலிவாய்க் கிடைக்கிறதென்று விரையாதீர்கள். வாழ்நாள் உழைப்பைப் புதைக்குமுன், மண்ணின் சொல்லையும் ஒருமுறை கேளுங்கள். பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவோர்க்கு இக்கடமை இருமடங்கு.