முதிர்கருவின் குறைபாடும் கருக்கலைப்புக் கட்டுப்பாடும்

முதிர்கருவின் குறைபாடு காரணமான கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தல் என்பது பல நாடுகளில் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நடந்துவரும் ஒரு விவாதம் ஆகும். கருவில் வளரும் குழந்தைக்கு உடற் குறைபாடோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ இருப்பதாகப் பிறப்புக்கு முன்னரே கண்டறியப்பட்டால், அக்காரணத்துக்காகக் கருவைக் கலைப்பதைச் சட்டம் தடுக்கலாமா, அனுமதிப்பதாயின் எந்தக் காலம் வரை அனுமதிக்கலாம் என்பனவே இதன் மையக் கேள்விகள். கருக்கலைப்பு பற்றிய பொதுவான விவாதத்தில் பெண்ணின் உரிமை, கருவின் உயிர் ஆகிய இரண்டும் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. இவ்விவாதத்தில் மாற்றுத்திறனாளிகளின் சமத்துவம் என்னும் மூன்றாவது கூறும் சேர்கிறது. இதனால் வழக்கமான இரு அணிகளுக்குள் அடங்காத நிலைப்பாடுகளும் இதில் காணப்படுகின்றன.

சொற்கள்

இக்கட்டுரையில் கருவில் கண்டறியப்படும் நிலையைக் குறிக்கக் குறைபாடு என்ற சொல்லும், வாழும் மனிதரைக் குறிக்க மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் பயன்படுத்தப்படுகின்றன. ஏறத்தாழ எட்டாவது வாரம் வரை உள்ள கரு முளையம் எனவும், அதன் பின்னர் முதிர்கரு எனவும் அழைக்கப்படுகிறது. சொற்தேர்வும் விவாதத்தின் ஒரு பகுதியே ஆகும். பழைய சட்டங்களில் உள்ள கடும் ஊனம் போன்ற தொடர்கள் தம்மை இழிவுபடுத்துவதாக மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல கூறிவருகின்றன.

மருத்துவப் பின்னணி

பிறப்புக்கு முந்திய சோதனைகள் இரு வகைப்படும்.

முதலாவது வகை சலிப்புச் சோதனை. தாயின் குருதிச் சோதனை, மீயொலி வரைவு ஆகியன இவ்வகையின. இவை குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பை மட்டுமே மதிப்பிடுகின்றன. தாயின் குருதியில் கருவின் டி.என்.ஏ துணுக்குகள் மிதப்பதை டென்னிசு லோ குழுவினர் 1997 இல் கண்டறிந்தனர். அதன் அடிப்படையில் அமைந்த குருதிச் சோதனை 2011 முதல் வணிக முறையில் கிடைத்துவருகிறது.

இரண்டாவது வகை உறுதிப்படுத்தும் சோதனை. ஏறத்தாழ 11 ஆம் வாரம் முதல் நச்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 ஆம் வாரம் முதல் பனிக்குட நீரை எடுத்தோ குரோமோசோம்கள் ஆராயப்படுகின்றன. இவற்றால் கருச்சிதைவு ஏற்படும் சிறு வாய்ப்பு உண்டு.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒரு கருவுக்கு ஒரு குறைபாடு உள்ளது என்றும், அதைக் கண்டறியும் சோதனை 99 விழுக்காடு சரியானது என்றும் கொள்வோம். 1,00,000 பெண்களைச் சோதித்தால் குறைபாடுள்ள 100 கருக்களில் 99 பிடிபடும். குறைபாடு இல்லாத 99,900 கருக்களில் 999 தவறாகப் பிடிபடும். அதாவது, குறைபாடு உண்டு என்ற முடிவைப் பெற்ற 1,098 பேரில் உண்மையில் குறைபாடு இருப்பது 99 பேருக்கு மட்டுமே. இது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எனவே சலிப்புச் சோதனையின் முடிவை மட்டும் வைத்து எவரும் முடிவெடுக்கலாகாது என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

கால அளவும் முக்கியமானது. கருவின் உடலுறுப்புகளை விரிவாகக் காட்டும் மீயொலி வரைவு பொதுவாக 18 முதல் 21 வாரங்களுக்குள் எடுக்கப்படுகிறது. அதில் ஐயம் எழுந்தால் மேற்சோதனைக்கும் முடிவுக்கும் இன்னும் சில வாரங்கள் ஆகலாம். சட்டம் 20 வாரத்தையோ 24 வாரத்தையோ எல்லையாக வைத்தால், பல பெற்றோர் செய்தியை அறியும்போதே எல்லை நெருங்கிவிடுகிறது அல்லது கடந்துவிடுகிறது.

கண்டறியப்படும் நிலைகள் ஒரே தன்மையன அல்ல. மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாத நிலையில் குழந்தை பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே உயிர்வாழும். டவுன் நோய்த்தொகை உள்ளவர்களோ பள்ளி செல்கின்றனர், பணிபுரிகின்றனர், பலர் 60 வயது வரையும் வாழ்கின்றனர். இந்நோய்த்தொகைக்கு 21 ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பதே காரணம் என்பதை 1959 இல் வெளியிட்டவர்களுள் ஒருவரான பிரெஞ்சு மருத்துவர் செரோம் லெசூன், தம் கண்டுபிடிப்பு கருக்கலைப்புக்குப் பயன்படுவதைப் பின்னாளில் கடுமையாக எதிர்த்தார்.

கட்டுப்பாட்டுக்கு ஆதரவான வாதங்கள்

* சமத்துவம்: பிறந்த பின் ஊனத்தின் பெயரால் வேறுபாடு காட்டலாகாது எனக் கூறும் சட்டம், பிறப்பதற்கு முன் அதே காரணத்துக்காகத் தனி விதிவிலக்கு அளிப்பது முரண்பாடாகும்.
* வெளிப்படும் செய்தி: இத்தகைய விதிவிலக்கு, உங்களைப் போன்றோர் பிறவாதிருப்பதே நலம் என்ற செய்தியை வாழும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்கிறது.
* வரலாற்று அச்சம்: 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இன மேம்பாட்டுக் கொள்கையின் பெயரால் அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடையும், நாட்சி செருமனியில் மாற்றுத்திறனாளிகளின் படுகொலையும் நிகழ்ந்தன. அரசு நேரடியாகக் கட்டாயப்படுத்தாவிடினும், எல்லோருக்கும் வழங்கப்படும் சோதனைகளின் கூட்டு விளைவு அதே திசையில் செல்லக்கூடும்.
* அழுத்தம்: சோதனை முடிவு வந்தவுடன் கருக்கலைப்பே இயல்பான அடுத்த படி என்பதுபோல் சில மருத்துவர்கள் பேசுவதாகப் பெற்றோர் பலர் முறையிட்டுள்ளனர்.

கட்டுப்பாட்டுக்கு எதிரான வாதங்கள்

* தன்னுரிமை: கருவைச் சுமப்பதும், பிறந்த பின் பெரும்பாலும் பராமரிப்பதும் பெண்ணே. எனவே முடிவு அவளுடையதாக இருத்தல் வேண்டும்.
* செய்தி என்னும் வாதத்தின் குறை: ஒரு பெண் தன் வாழ்நிலையைக் கருதி எடுக்கும் முடிவு, பிறர் வாழ்வின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.
* நடைமுறை: மனத்தில் உள்ள காரணத்தைச் சட்டத்தால் அறிய முடியாது. காரணத்தைத் தடை செய்தால் பெண் அதை மருத்துவரிடம் மறைப்பாள். மருத்துவர் கேட்க அஞ்சுவார். தெளிவான தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் இருவரும் பேசாதிருப்பர்.
* வேதனை: உயிர்பிழைக்க வாய்ப்பில்லாத கருவையும் முழுக் காலம் சுமக்குமாறு கட்டாயப்படுத்துவது கொடுமையாகும்.
* சமமின்மை: வசதியுள்ளோர் வேறு நாட்டுக்குச் செல்வர். ஏழைகளே தடைக்கு உட்படுவர்.

ஏட்ரியன் ஏசின் நிலைப்பாடு

அமெரிக்க உயிர்நெறியியல் அறிஞர் ஏட்ரியன் ஏசு (1946–2013) இவ்விவாதத்தில் அடிக்கடி குறிப்பிடப்படுபவர். பார்வையற்றவரான இவர் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார். ஆயினும், குறைபாட்டை மட்டும் காரணமாகக் கொண்டு கருவைக் கலைப்பது தவறான எண்ணத்தின் அடிப்படையில் அமைகிறது என வாதிட்டார். எந்தக் குழந்தையும் வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு, இந்தக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு என்பது அவர் காட்டிய வேறுபாடு. பின்னதில் ஒரே ஒரு பண்பு முழு மனிதரையும் மறைத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. எனினும் அவர் சட்டத் தடையைக் கோரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உண்மையான வாழ்க்கை பற்றிய தகவல் பெற்றோருக்குக் கிடைக்கவேண்டும் என்றே கோரினார். ஒரு செயலை ஒழுக்க அடிப்படையில் கேள்வி கேட்பதும், அதைச் சட்டத்தால் தடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நாடுகள் வாரியாக

ஐக்கிய இராச்சியம்

இங்கிலாந்து, வேல்சு, இசுக்கொட்லாந்து ஆகியவற்றுக்கான 1967 ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், குழந்தை கடும் ஊனத்துடன் பிறப்பதற்குக் கணிசமான வாய்ப்பு இருப்பதாக இரு மருத்துவர்கள் கருதினால் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 1990 இல் செய்யப்பட்ட திருத்தம் பொதுக் காரணத்துக்கு 24 வார எல்லையை விதித்தது. குறைபாட்டுக் காரணத்துக்கோ எந்தக் கால எல்லையும் விதிக்கவில்லை. கடும் ஊனம் என்றால் எது என்பதைச் சட்டம் வரையறுக்கவும் இல்லை.

மேலுதடும் அண்ணமும் பிளவுபட்ட ஒரு கரு 2001 இல் 24 வாரம் கடந்த பின் கலைக்கப்பட்டது தொடர்பில், சோவன்னா செப்சன் என்னும் திருச்சபைப் பணியாளர் நீதிமன்றம் சென்றார். மருத்துவர்கள் நல்லெண்ணத்துடனேயே முடிவெடுத்தனர் எனக் கூறி, அவர்கள்மீது வழக்குத் தொடர்வதில்லை என 2005 இல் அரசு வழக்குத் துறை முடிவெடுத்தது.

பின்னர் டவுன் நோய்த்தொகை உள்ள ஐடி குரௌட்டர் என்னும் பெண்ணும் மற்றவர்களும் இவ்விதிவிலக்கு தமக்கு எதிரான பாகுபாடு என வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022 நவம்பரில் அதே முடிவுக்கு வந்தது. சட்டம் இழிவான செய்தியைத் தருவதாக ஒருவர் உணர்வது மட்டும் அவருடைய மனித உரிமையில் தலையிடுவதாகாது என்பது தீர்ப்பின் சாரம். 2023 இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

போலந்து

1993 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று காரணங்களுக்காக மட்டும் கருக்கலைப்பை அனுமதித்தது. அவற்றுள் ஒன்று கருவின் கடும் குறைபாடு. 2019 இல் அங்கு நடந்த 1,110 சட்டபூர்வக் கருக்கலைப்புகளில் 1,074 இக்காரணத்தால் நடந்தவை. இக்காரணம் அரசியலமைப்புக்கு முரணானது என அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2020 அக்டோபர் 22 அன்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் பெரும் போராட்டங்கள் வெடித்தன. தீர்ப்பு 2021 சனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், குறைபாடு கண்டறியப்பட்ட 22 வாரக் கருவைச் சுமந்த 30 வயதுப் பெண் ஒருவர், பனிக்குடம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் குருதி நச்சேற்றத்தால் இறந்தார். கருவின் இதயத்துடிப்பு நிற்கும் வரை மருத்துவர்கள் காத்திருந்தனர் எனக் குடும்பத்தினர் கூறினர். தடையினால் எழுந்த அச்சமே காரணம் என ஒரு சாராரும், தாயின் உயிரைக் காக்கும் விதிவிலக்கு நீடித்ததால் இது மருத்துவத் தவறே என மறுசாராரும் வாதிட்டனர்.

டவுன் நோய்த்தொகை கண்டறியப்பட்டு, குறித்திருந்த கருக்கலைப்பு தீர்ப்பினால் நீக்கப்பட்டதால் நெதர்லாந்து சென்ற ஒரு பெண்ணின் வழக்கில், அவருடைய தனிவாழ்வு உரிமை மீறப்பட்டது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

போலந்து 2016 இல் கடும் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்கு ஒருமுறை 4,000 சுலோட்டி வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஆயினும் 2018 இல் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் பெற்றோரும் மாத உதவித்தொகை கோரி 40 நாட்கள் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே தங்கிப் போராடினர். பிறப்பைக் கோரும் அரசு பிறந்த பின் என்ன செய்கிறது என்ற கேள்வியை இது எழுப்பியது.

ஐக்கிய அமெரிக்கா

கருவின் மரபணுக் குறைபாட்டைக் காரணமாகக் கொண்ட கருக்கலைப்பை 2013 இல் வடக்கு டக்கோட்டா மாநிலம் தடை செய்தது. இந்தியானா 2016 இல் இனம், பால், குறைபாடு ஆகிய காரணங்களைத் தடை செய்தது. அத்தடையைக் கீழ் நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. 2019 இல் உச்ச நீதிமன்றம் அதை ஆராய மறுத்தது. எனினும் நீதிபதி கிளாரன்சு தாமசு இன மேம்பாட்டுக் கொள்கையின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துத் தனிக் கருத்து எழுதினார்.

ஒகையோவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம், டவுன் நோய்த்தொகையே காரணம் என அறிந்தும் கருக்கலைப்புச் செய்யும் மருத்துவரைத் தண்டிக்கிறது, பெண்ணைத் தண்டிப்பதில்லை. காரணத்தை அறியாத வேறு மருத்துவரிடம் பெண் செல்லலாம் என்பதையும் சுட்டிக்காட்டி, 2021 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9–7 என்ற பெரும்பான்மையில் இதை அனுமதித்தது. இது பெண்ணை மறைக்கத் தூண்டுகிறது என்பதே எதிர்ப்பாளரின் குறையாகும். கருக்கலைப்பு உரிமையை அளித்த 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 சூன் 24 அன்று நீக்கியபின், பல மாநிலங்களில் பொதுத் தடையே வந்ததால் இக்கேள்வி அங்கு பின்னுக்குச் சென்றது.

செருமனி

ஊனம் காரணமாக எவரையும் தாழ்த்தலாகாது என்ற விதி 1994 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு, குறைபாட்டைத் தனிக் காரணமாகக் கூறிய சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. ஆயினும் தாயின் உடல், மன நலத்துக்குக் கடும் ஆபத்து என்ற காரணத்தின் கீழ் இத்தகைய கருக்கலைப்புகள் தொடர்கின்றன. சட்டத்தின் சொல் மாறினாலும் நடைமுறை பெரிதும் மாறவில்லை என்பர் விமரிசகர்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவின் 1971 ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் குறைபாட்டை ஏற்கத்தக்க காரணமாகக் கொண்டது. ஆனால் எல்லை 20 வாரம். 2008 இல், கருவின் இதயக் குறைபாட்டை அவ்வெல்லை கடந்தபின் அறிந்த ஒரு பெண்ணுக்கு மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது நாடளாவிய விவாதத்தை எழுப்பியது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணிசமான குறைபாடு உள்ளதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வாரத்துக்குப் பின்னும் அனுமதி உண்டு.

அதே நாட்டில் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது, குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகளை அனுமதிக்கிறது. பெண் என்பதற்காகக் கலைப்பது தவறாயின் மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கலைப்பது எவ்வாறு சரியாகும் எனச் சிலர் வினவுகின்றனர். பாலினம் நோயன்று, பராமரிப்புச் சுமையும் துன்பமும் ஒப்பிடத்தக்கன அல்ல என மற்றோர் விடையளிக்கின்றனர்.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கு மட்டுமே விலக்களிக்கிறது. உயிர்பிழைக்க இயலாத கருக்குறைபாட்டையும் சேர்க்கும் முயற்சி 2017 இல் மத அமைப்புகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. அது சட்டமாகவில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் நிலைப்பாடு

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2017 இல் ஐக்கிய இராச்சியத்தின் சட்டத்தைக் குறித்துக் கவலை தெரிவித்து, பெண்களின் தன்னுரிமையை மதிக்கும் அதே வேளை அதைத் திருத்துமாறு பரிந்துரைத்தது. 2018 இல் அக்குழுவும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழுவும் இணைந்து, மாற்றுத்திறனாளிகளின் உரிமையைக் காரணம் காட்டிப் பெண்களின் பாதுகாப்பான கருக்கலைப்பு வாய்ப்பைக் குறைக்கலாகாது என அறிவித்தன.

உடன்பாட்டுக்குரிய பகுதி

தடை பற்றி உடன்படாதோர் தகவல், ஆதரவு ஆகியவற்றில் உடன்பட்டதுண்டு. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த எட்வர்டு கென்னடியும் அதை எதிர்த்த சாம் பிரவுன்பேக்கும் இணைந்து கொண்டுவந்த அமெரிக்கச் சட்டம் 2008 இல் நிறைவேறியது. சோதனை முடிவைப் பெறும் பெற்றோருக்குச் சரியான, அண்மைய தகவலும் ஆதரவுக் குழுக்களின் தொடர்பும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். குறைபாட்டைப் பற்றிய செய்தி எவ்வாறு சொல்லப்படுகிறது, பிறக்கும் குழந்தைக்குப் பள்ளியும் மருத்துவமும் வேலையும் கிடைக்குமா, பெற்றோருக்குப் பின் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்வோர் யார் என்பவை சட்டம் எதுவாயினும் எஞ்சி நிற்கும் கேள்விகள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கருக்கலைப்பு
* டவுன் நோய்த்தொகை
* பனிக்குட நீர்ச் சோதனை
* இன மேம்பாட்டியல்
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள்
* உயிர்நெறியியல்