கேட்பதற்கு நால்வர் இருந்தால்

நியமனதாரர் படிவத்தைக் கிளையில் வாங்கிச் செல்வோர் பலர். நிரப்பித் திருப்பித் தருவோர் சிலர். பெயர், உறவு, முகவரி, கையொப்பம் என்று பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை அது. ஆயினும், “அடுத்த முறை வரும்போது தந்துவிடுகிறேன்” என்று சொல்லிச் சென்ற வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி, சில மாதங்கள் கழித்து அவருடைய இறப்புச் சான்றிதழோடு எங்கள் முன் வந்து அமர்ந்தார். பணம் அவர் குடும்பத்துக்கு உரியதே, அதில் ஐயமில்லை. ஆனால் நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் எளிதில் முடிந்திருக்கக்கூடிய வேலை, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் என நீண்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்த மகனின் கையொப்பம் வந்து சேர்வதற்குள் அந்த அம்மையார் பலமுறை கிளைக்கு வந்து போக வேண்டியிருந்தது.

மறைந்தவர் பொறுப்பற்றவர் அல்லர். வீட்டுக் கடன் தவணையை ஒரு மாதமும் தவறவிடாதவர். எங்களைச் சிந்திக்க வைத்ததும் இதுதான். தவணைக்குத் தேதி உண்டு. தவறினால் கேட்க ஆள் உண்டு. அந்தப் படிவத்துக்கு இரண்டுமே இல்லை. (தவணைக்காகத் தொலைபேசியில் அழைக்கும் வங்கி இதற்காக ஏன் அழைப்பதில்லை என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி என்றே சொல்வோம்.)

ஒத்திப்போடும் பழக்கத்தைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில், சிரமம் இன்றைக்கும் பலன் என்றைக்கோ ஒரு நாளுக்கும் என்று இருக்கும் வேலைகளையே நாம் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறோம். நாமே நமக்குக் கொடுத்துக்கொண்ட வாக்கை மீறினால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதும் அதற்கு வசதியாகிவிடுகிறது.

கேட்பார் இருந்தால் வேலை நடக்கும் என்பதை எங்கள் துறைக்கு நன்கு கற்றுக்கொடுத்தவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு எதை நம்பிக் கடன் தருவது என்ற கேள்விக்கு அம்முயற்சி தந்த விடை, குழுவின் நடத்தையை நம்பி என்பதே. 10 முதல் 20 பேர் வரை உள்ள ஒரு குழு, குறைந்தது ஆறு மாதங்களாவது தானே சேமித்து, தனக்குள் கடன் கொடுத்து வாங்கிப் பழகியிருக்க வேண்டும். அதன் பிறகே வங்கிக் கடன். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், காலந்தவறாத திருப்பிச் செலுத்தல், ஒழுங்கான கணக்கேடு ஆகிய ஐந்தையும் ‘பஞ்ச சூத்திரம்’ என்பர். அவற்றுள் கூட்டம் முதலில் நிற்பது மிகப் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

கர்நாடகத்தின் கிராமக் கிளைகளில் பணியாற்றிய காலத்தில் அத்தகைய கூட்டங்களில் அமர்ந்திருக்கிறோம். வட்டமாகப் பாயில் அமர்கிறார்கள். பதிவேடு நடுவே திறந்திருக்கிறது. ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவரவர் தம் சேமிப்பை எல்லோரும் காண வைக்கிறார். ஒருவர் கொண்டுவரவில்லை என்றால் கூச்சலோ ஏச்சோ எழுவதில்லை. “என்ன ஆயிற்று?” என்ற ஒரே கேள்வி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் அதே கேள்வி மறுபடியும் வரும் என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அந்த வாரம் பணம் வந்துவிடுகிறது.

சிலி நாட்டில், சிறுகடன் பெற்றுத் தொழில் செய்வோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது. சேமிப்புக் கணக்கு மட்டும் பெற்றவர்களைவிட, தம் சேமிப்பு இலக்கைக் குழுவினர் முன் அறிவித்து, வாரந்தோறும் கணக்குக் காட்டியவர்கள் மூன்று மடங்குக்கும் மேலான முறை பணம் செலுத்தினார்கள். அவர்களது இருப்பும் ஏறத்தாழ இரட்டிப்பானது. தொடர்ந்து நடந்த சோதனையில், நேரில் கூடாமல், ஒவ்வொருவரின் நிலையையும் தெரிவிக்கும் குறுஞ்செய்திகள் அனுப்பியபோதும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. ஆக, பாய் விரித்து அமர இடமில்லாத நகரவாசிகளுக்கும் வழி இருக்கிறது.

நடைப்பயிற்சித் தோழர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டை வீட்டார், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் உடன்பிறப்புகள் என நால்வர் போதும். ஒவ்வொருவரும் தாம் தள்ளிப்போட்டு வரும் ஒரே ஒரு வேலையைச் சொல்லட்டும். “கணக்குகளைச் சரிசெய்யப் போகிறேன்” என்று சொன்னால் யாராலும் கேள்வி கேட்க இயலாது. “வரும் புதன்கிழமைக்குள் என் வைப்புக் கணக்குக்கு நியமனதாரர் பெயரைப் பதிவு செய்வேன்” என்றால் வியாழக்கிழமை கேட்கலாம். (2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உயில் எழுதும் வேலை தனியே இருக்கிறது.) ஈராண்டுகளாகத் தொடாத பழைய சேமிப்புக் கணக்கை மீண்டும் இயக்குவதும் இவ்வகை வேலையே. பத்தாண்டுகள் அப்படியே கிடந்தால் அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடும். அதன் பிறகும் உரிமை கோரலாம் என்றாலும், அலைச்சல் கூடும். ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாத வாழ்நாள் சான்றிதழ் இருக்கிறது. 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கேட்பது வேறு, நெருக்குவது வேறு. 2010 அக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்ததற்கு, கடன் வசூலில் காட்டப்பட்ட கடுமை பற்றிய புகார்கள் முக்கியக் காரணம். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்று ஆகும்போது தோழியே வசூல்காரி ஆகிவிடுகிறாள். உங்கள் நால்வர் குழுவில் பணம் புழங்க வேண்டாம், அபராதமும் வேண்டாம். கணக்கு இருப்பு, கடவுச்சொல், ஓடிபி எதையும் பகிர வேண்டிய தேவையே இல்லை. ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டு சொற்கள் போதும். முடியாதவரைக் கேலி செய்தால் அடுத்த வாரம் அவர் பதில் எழுதமாட்டார். அத்தோடு குழுவும் கலைந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் இதை நாங்களே செய்து பார்த்தோம். மதிய உணவு மேசையில் பேசியபோது, ஐந்து அதிகாரிகளில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் எல்லோரிடமும் ஒரு நிலுவை இருந்தது தெரிந்து சற்று வெட்கினோம். ஒருவர் திருமணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னமும் காலஞ்சென்ற தந்தையே நியமனதாரராக இருந்தார்! ஐந்து வேலைகளையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பது என்று முடிவாயிற்று. ஆறு வாரங்களில் நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாமவர் உயில் எழுத வேண்டியவர். வரைவு தயார், சாட்சிகள்தாம் கிடைக்கவில்லை என்றார் சென்ற வாரம். சாட்சிக்கு இருவர் போதும். மேசையில் நால்வர் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். இந்த வெள்ளிக்கிழமையும் கேட்போம்.