கபினியும் அதன் துணையாறுகளும்

மைசூரு நகரம் இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்துள்ளது. வடக்கே காவிரி, தெற்கே கபினி. கிருஷ்ணராஜ சாகரத்தின் புகழால் முதல் ஆற்றை அனைவரும் அறிவர். நஞ்சன்கூட்டில் பக்தர்கள் கபிலை என்று வணங்கி நீராடும் இரண்டாவது ஆறோ, நீர்ப்பங்கீட்டுச் செய்திகளில்தான் பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும், தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் மேட்டூருக்கு முதல் வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று வினவினால், பல ஆண்டுகளில் விடை கபினியே. இதன் காரணத்தை அறிய ஆற்றின் போக்கைத் தலைப்பிலிருந்து காண வேண்டும்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்று மட்டுமே. கபினி அவற்றுள் ஒன்று. வயநாட்டு மேட்டுநிலம் மேற்கே செங்குத்தாகச் சரிந்து, கிழக்கே மெல்லத் தாழ்கிறது. மேற்கு விளிம்பிலுள்ள லக்கிடி, கேரளத்தில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. அதனை அடுத்த பூக்கோடு ஏரிப் பகுதியில் பனமரம் ஆறு தோன்றுகிறது. இது மானந்தவாடி ஆற்றுடன் கூடும் இடத்திலிருந்து கபினி எனப் பெயர் பெறுகிறது. இங்கு நீர் பிரியும் மேடு எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2024 ஜூலை 30-இல் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த நிலச்சரிவின் சேறும் நீரும் சாலியாற்றின் வழியே மேற்கே சென்றன. அதே மாவட்டத்தில் இருந்தும் கபினிக்கு வரவில்லை.

இயற்கை வகுத்த இம்மேட்டை மனிதன் ஓரிடத்தில் துளைத்துள்ளான். கரமனத்தோட்டின் குறுக்கே அமைந்த பாணாசுர சாகர் அணையின் நீர், சுரங்கம் வழியே மேற்கேயுள்ள குற்றியாடி நீர்மின் திட்டத்திற்குத் திருப்பப்படுகிறது. பனமரம் பக்கத்துக் காராப்புழை அணை பாசனத்திற்கானது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்திற்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 21 டி.எம்.சி. கபினிப் படுகைக்கு உரியது.

திருநெல்லி மலைப் பக்கத்திலிருந்து வரும் காளிந்தியின் நீரும் வந்து சேர, பைரகுப்பை அருகே இரு மாநிலங்களின் எல்லையாகச் சிறிது தொலைவு ஓடி, ஆறு மைசூரு மாவட்டத்தை அடைகிறது. ஹெக்கடதேவன கோட்டை வட்டத்தில், நாகரஹொளே, பண்டிப்பூர் காடுகளுக்கு இடையே, 1974-இல் கபினி அணை கட்டி முடிக்கப்பட்டது. 1924-ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தம் 50 ஆண்டுகளை நிறைவு செய்ததும் அதே ஆண்டில்தான். அணைநீரில் ஊர்கள் பல மூழ்கின. கோடையில் நீர் வற்றிப் புல் முளைக்கும் கரைகளில் இன்று யானைகள் கூட்டங்கூட்டமாக வந்து மேய்கின்றன.

அணைக்குக் கீழே ஆற்றின் இயல்பு மாறுகிறது. நாகரஹொளே பக்கத்துத் தாரகாவும், தெற்கிலிருந்து வரும் நூகுவும் காட்டாறுகள். இரண்டிலும் அணைகள் உள்ளன. நஞ்சன்கூட்டில் சேரும் குண்டல் ஆறு முற்றிலும் வேறுவகை. குண்டலுப்பேட்டை வட்டம் மழை மறைவுப் பகுதி. அங்கே கோடை இடிமழையும், செப்டம்பர், அக்டோபர் மழையுமே பெரிதும் உதவுகின்றன. மேலாறு பெருகும் ஜூலையில் குண்டல் பெரும்பாலும் மெலிந்தே கிடக்கும். ஆதலின் கபினியின் வெள்ளம் என்பது பெரும்பாலும் வயநாட்டு மழையே எனலாம்.

அவ்வெள்ளத்தை ஏற்கும் கலமோ சிறியது. கபினி அணையின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி.; கிருஷ்ணராஜ சாகரத்தினது 49.45. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் ஒரு டி.எம்.சி. ஆகும். வினாடிக்கு 40,000 கன அடி வருமாயின், வெறுமையான நீர்த்தேக்கமும் ஆறு நாட்களுக்குள் நிரம்பிவிடும். அதன்பின் வருவதைக் கீழே விடுவதன்றி வேறு வழியில்லை. பருவமழை தொடங்கும்போதே நீர்த்தேக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதே பொறியாளரின் முதற்கவலை. முன்கூட்டியே நீரை விட்டு மழை பொய்த்தால் மைசூரு, சாமராஜநகர் மாவட்டப் பாசனமும், கபினியிலிருந்தும் குடிநீர் பெறும் மைசூரு நகரும் பாதிக்கப்படும். விடாது காத்திருந்து பெருமழை பெய்தால் நஞ்சன்கூட்டின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகும். 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆகஸ்ட் மாதத்தில் அந்நகர் இத்தகைய வெள்ளத்தைக் கண்டது.

இதே அவசரம் தமிழகத்திற்கு நன்மையாகிறது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் அளந்து தரப்பட வேண்டும். இதில் ஜூனுக்கு உரியது 9.19, ஜூலைக்கு 31.24. குறுவைக்குத் தேவைப்படும் இம்மாதங்களில், கிருஷ்ணராஜ சாகரம் நிரம்பாத நிலையிலும் வயநாட்டில் நல்ல மழை பெய்தால் கணக்கு நேராகிவிடுகிறது. அங்கே மழை தாமதித்தால் வழக்கும் கிளர்ச்சியும் தலைதூக்குகின்றன.

திருமகூடலு நரசீபுரத்தில் கபினி காவிரியுடன் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நீர் ஒன்றும் அங்குக் கூடுவதாக ஐதிகம். தலக்காடு, சிவனசமுத்திரம் கடந்து பிலிகுண்டுலுவை அடையும்போது எது கபினி நீர், எது காவிரி நீர் எனப் பிரித்தறிய இயலாது. அளவுகோல் கூட்டுத்தொகையையே காட்டும். மேட்டூர்ப் பொறியாளரும் டெல்டா உழவரும் சில நாட்கள் முன்னதாகவே நிலைமையை அறிய விரும்பினால், பார்க்க வேண்டியது வயநாட்டின் மழைமானிகளையே.