மேஜைமேல் இரண்டு முழத் தண்டவாளம்

ஒரு பக்கம் பாகாலாவும் மறுபக்கம் புத்தூருமாக இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே அமைந்த, ஆந்திரத்தின் வெதுருகுப்பம் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இஞ்சின்மீது மோகம் உண்டாவது இயல்பே. அந்த மோகம் முற்றி, வீட்டுக்குள்ளேயே ரயில் விட வேண்டுமென்ற ஆசையாக மாறும்போது, மலையும் குகையும் ஸ்டேஷனும் கட்டத்தான் மனம் முதலில் தாவும். என் அபிப்பிராயமோ, பழுது பார்த்த பெட்டியைச் சோதிக்காமல் திருப்பதிப் பணிமனை பிரதான பாதைக்கு அனுப்பாததுபோல, நாமும் முதலில் வேலைமேஜைமேல் இரண்டு முழ நீளச் சோதனைத் தடம் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே.

கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘எச்.ஓ.’ வகை, அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டருக்கு அந்த விகிதத்தில் பத்தொன்பதுக்கும் சற்று மேல் வேண்டுமாதலால், நம் நாட்டு இஞ்சின் அதன்மேல் கால் ஒடுங்கி நிற்பதாகத் தோன்றும். பெரும்பாலோர் இதைச் சகித்துக்கொள்கிறார்கள்.

பழைய முறையில் தண்டவாளத்தில் மின்னழுத்தத்தை ஏற்றினால் அதன்மேல் நிற்கும் இஞ்சின்கள் எல்லாம் சேர்ந்தே ஓடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்து, 1990-களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கம் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்ட டிஜிட்டல் முறையிலோ, தண்டவாளத்தில் முழு மின்னழுத்தமும் எப்போதும் இருந்துகொண்டே திசைமட்டும் இடைவிடாது மாறுகிறது; ஒரு திசையில் 58 மைக்ரோ விநாடி நின்றால் ‘ஒன்று’, 100 அல்லது அதற்கு மேல் நின்றால் ‘பூஜ்யம்’ என்று இஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்னும் சிறு பலகை வாசித்து, தன் விலாசத்துக்கு வந்த ஆணையைமட்டும் நிறைவேற்றுகிறது. புதிய டீகோடருக்குத் தொழிற்சாலை இடும் விலாசம் 3.

இந்த விலாசத்தை மாற்றவும் மற்ற அமைப்புகளைத் திருத்தவும் ‘புரோகிராம்’ தடம் உதவுகிறது. இதில் மின்னோட்டம் குறைவாகவே விடப்படுவதால், டீகோடரில் கம்பியைத் தவறாக இணைத்திருந்தாலும் பலகை கருகிப்போகாமல் தப்புவதற்கு வாய்ப்புண்டு. இங்கேதான் விசேஷமான சூட்சுமம் இருக்கிறது. ஆணைகளைக் கேட்கமட்டுமே தெரிந்த டீகோடர், கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி? ‘உன் எண் இதுதானா?’ என்று, ஆணைகளை அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையம் வினவி, அது சரியாக இருந்தால், டீகோடர் தன் மோட்டாரை ஒரு கணம் இயக்கி, 60 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை ஏறத்தாழ 6 மில்லி விநாடி கூடுதலாக இழுக்கிறது. அந்த இழுப்பே ‘ஆம்’ என்னும் விடை. உற்று நோக்கினால், ஒவ்வொரு விடைக்கும் இஞ்சின் லேசாகத் துள்ளுவதைக் காணலாம். ஆகவே ‘பதில் இல்லை’ என்று வந்தால், உடனே டீகோடரைப் பழிக்காமல், சக்கரத்தில் அழுக்கிருக்கிறதா, மோட்டார் கம்பி விட்டுப்போயிற்றா என்று பார்ப்பதே விவேகம். இவ்வாறே, டீகோடரில் தயாரிப்பாளரைக் குறிக்கும் எட்டாம் எண்ணுள்ள பதிவை வாசித்து 99 வந்தால் லென்ஸ், 151 வந்தால் இ.எஸ்.யூ. தயாரிப்பு என்று அறியலாம்.

பிளைவுட் பலகையில் தடத்தை ஆணியடித்து, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்றவைத்து, இரு கம்பிகளையும் ஒரேசமயத்தில் மாற்றுகிற, நடுவே ‘ஆஃப்’ நிலையுள்ள இருமுனை ஸ்விட்ச் வழியாக, ஒருபுறம் ஓட்டத்துக்கும் மறுபுறம் புரோகிராமுக்கும் இணைத்தால் வேலை முடிந்தது. இரண்டும் ஒருபோதும் ஒன்றுசேரக் கூடாது. சிக்கனம் நாடுவோர் ஆயத்தக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் பதிலாக அர்டுயினோ மெகா பலகையும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, ‘டி.சி.சி.-இ.எக்ஸ்.’ என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். ஷீல்டின் இரு வாயில்களில் ஒன்று ஓட்டத்துக்கும் மற்றது புரோகிராமுக்கும் ஆகும்.

இனி, ஸ்விட்சை ஓட்டத்துக்குத் திருப்பி, இஞ்சின் ஏதும் இல்லாத தடத்தின் கடைசி நுனியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். நிலையம் அக்கணமே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்; துண்டிக்காவிட்டால் எங்கோ ஓர் இணைப்பு பலவீனமென்று பொருள்.

விலாசம் இடும்போது, இஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே கொடுக்க ஆசை எழும். அமெரிக்க இஞ்சின்களின் நான்கு இலக்க எண்கள் இதற்கு ஒத்துவரும். நம் ரயில்வேயின் 22,000, 30,000 வரிசை மின்சார இஞ்சின்களோ ஐந்திலக்கம் கொண்டவை, டீகோடரின் நீண்ட விலாசமோ 10239-க்கு மேல் போகாது. ஆகையால் கடைசி நான்கு இலக்கங்களோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.